ஒரு பர்லாங் அமைதி

மேட்டுத்தாங்கல் ஏரிக்குப் பறவைகள் வந்ததற்கு அரசாங்கம் பொறுப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் பொறுப்பு.

பூந்தமல்லியிலிருந்து ஐயப்பன்தாங்கல் போகிற ரோட்டில் பாதியில் இறங்கி, வரப்பு மேல் நடந்தால் வருகிற சின்ன ஏரி அது. செம்பரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சோற்றுத் தட்டு மாதிரி இருக்கும். ஐப்பசி மழையில் நிரம்பும். உள்ளே இருக்கிற கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். நாரையும் கொக்கும் நீர்க்காகமும் எங்கிருந்தோ வந்து அந்த மரங்களில் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, கோடையில் கிளம்பிப் போகும். யாரும் அவற்றுக்கு அழைப்பிதழ் அனுப்பியதில்லை. ஊர்க்காரர்கள் அவற்றைச் சுடுவதுமில்லை, கும்பிடுவதுமில்லை. எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது என்பதோடு இரண்டு தரப்புக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது.

இப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லாமல் பறவைகள் வாழ்ந்து வருவது 1972-ஆம் ஆண்டில் மேலிடத்துக்குத் தெரிந்துபோயிற்று. உடனே ‘நீர்ப்பறவைப் பரவல் மற்றும் பாதுகாப்புக் கோட்டம்’ என்று ஒன்றை உண்டாக்கினார்கள். பூந்தமல்லி பஜாரில் ஓர் அரிசி மண்டிக்கு மேலே அறை எடுத்தார்கள். குணசேகரன் என்று ஒரு கோட்ட அலுவலர், திருவேங்கடம் என்று ஒரு கணக்கெடுப்பு உதவியாளர், அப்பாவு என்று ஒரு காவலர், அவருக்கு ஒரு விசில், மூன்று மேஜை, கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்த கொக்கு ஒன்று. பாடம் செய்வதற்காக ஒரு கொக்கைக் கொல்ல வேண்டியதாயிற்று. “நம் பணிக்காக உயிர் கொடுத்த முதல் கொக்கு” என்று குணசேகரன் அதற்கு மாலை போட்டார்.

கோட்டம் செய்த முதல் பாதுகாப்பு வேலை ஒரு தொடக்க விழா. விழாவுக்கு மைக் செட் வேண்டும். அந்தப் பக்கத்தில் மைக் செட் என்றால் ஷேக் தாவூத் பாய்தான். ‘ஷம்ஷாத் சவுண்ட் சர்வீஸ்’ என்று மனைவி பேரில் கடை. கூழ் ஊற்றுவதிலிருந்து காதுகுத்து வரைக்கும், சுன்னத்திலிருந்து கிரகப்பிரவேசம் வரைக்கும் அவர் குழாய் கட்டாத வீடு அந்த வட்டாரத்தில் இல்லை. வீட்டு முற்றத்தில் தினமும் சாயங்காலம் ஆம்ப்ளிபையரைப் போட்டு, “அலோ, மைக் டெஸ்டிங்” என்று அவர் சொன்னால்தான் பக்கத்து வீடுகளில் விளக்கேற்றுவார்கள்.

ஏரிக்கரைப் பனைமரங்களில் எட்டுக் குழாய் கட்டினார். மேலே ஏறிக் கட்டியது அவர் சிநேகிதன் துலுக்கானம். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவன்; ஓய்ந்த நேரத்தில் பாய்க்குக் கைகொடுப்பான். குணசேகரன் வந்து அண்ணாந்து பார்த்தார்.

“என்ன பாய், குழாயெல்லாம் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கே?”

“ஜனங்க குந்துற பக்கம் சார்.”

“விழா யாருக்கு?”

“பறவைக்கு சார்.”

“அப்போ குழாய் யாரைப் பார்க்கணும்?”

பாய் மரத்து மேலிருந்த துலுக்கானத்தை அண்ணாந்து பார்த்தார். படித்தவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. எட்டுக் குழாயையும் ஏரிப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னார். சென்னையிலிருந்து துறை இயக்குநர் வந்து நடுநாற்காலியில் உட்கார, குணசேகரன் மைக்கைப் பிடித்தார்.

“வலசை வந்த விருந்தினர்களே! வாக்குரிமை இல்லாத குடிமக்களே! இதுநாள்வரை நீங்கள் அநாதைகளாக முட்டையிட்டீர்கள். இனி அரசின் ஆதரவோடு முட்டையிடுவீர்கள்! பாதுகாப்பு என்றால் என்னவென்றே தெரியாமல் பல்லாயிரம் ஆண்டுகளை வீணாக்கிவிட்டீர்கள். கவலைப்படாதீர்கள். நாங்கள் வந்துவிட்டோம்!”

‘வந்துவிட்டோம்’ என்பது எட்டுக் குழாயிலும் ஒன்றாகக் கேட்டதும், ஏரியிலிருந்த அத்தனை பறவையும் ஒரே மூச்சில் எழும்பி, மேடைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றின. சுற்றியபோது செய்ய வேண்டியதையும் செய்தன. இயக்குநர் தோளைத் துடைத்துக்கொண்டே, “இது என்ன?” என்று கேட்டார்.

“வான் அணிவகுப்பு மரியாதை சார்,” என்றார் குணசேகரன். அந்த ஆண்டு அறிக்கையில் அது அப்படியே போயிற்று.

அன்றைக்கு மாலையில் பறவைகள் திரும்பி வந்து உட்கார்ந்தன. கூடு கட்டுகிற காலம், வேறெங்கே போகும். ஆனால் விழா முடிந்ததும் போய்விடுகிற கூட்டம் இல்லை இது. சம்பளம் வாங்குகிற கூட்டம். ஏதாவது செய்துகொண்டே இருந்தது.

முதலில் ஒரு பார்வைக் கோபுரம் கட்டினார்கள். கோபுரத்தில் ஏறினால் கருவேல மரங்கள் பறவைகளை மறைத்தன. பாதுகாக்கப்படும் பறவையைப் பார்க்கவிடாமல் மறைப்பது குற்றம் என்று முடிவுசெய்து, முன்னால் நின்ற மரங்களை வெட்டிவிட்டார்கள். அந்த மரங்களில் இருந்த கூடுகளைத் திருவேங்கடம் பத்திரமாக இறக்கி அலுவலகத்துக்குக் கொண்டுபோய், பாடம் செய்த கொக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்தது கணக்கெடுப்பு. மரத்தில் உட்கார்ந்திருக்கிற பறவைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, கணக்குக்கு ஒத்துழைக்கவில்லை. ஆகையால் கரையில் வேட்டு வைத்து அவற்றைக் கிளப்பிவிட்டு, பறக்கும்போது எண்ணுவது என்று வழி கண்டுபிடித்தார்கள். திருவேங்கடம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, பென்சிலைப் பிடித்து நிற்பார். வேட்டு வெடிக்கும். எண்ணுவார். நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறதே என்று சந்தேகம் வரும். மறுபடி வேட்டு வைப்பார்.

பிறகு ஏரிக்கரை நெடுக ‘அமைதி காக்கவும்’ என்று பலகை நட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்று யாரோ சொன்னதும், குணசேகரன் தாவூத் பாயை மறுபடி கூப்பிட்டனுப்பினார். குழாய்களை அவிழ்க்கவே வேண்டாம், அப்படியே இருக்கட்டும், காலையிலும் மாலையிலும் ‘அமைதி காக்கவும்’ என்று குழாயில் அறிவிக்க வேண்டும் என்று உத்தரவு.

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. “மச்சான், அமைதியா இருன்னு நான் கத்தணுமாம்டா,” என்றார் துலுக்கானத்திடம்.

“கத்து பாய். கவர்மெண்டு சொல்றான்ல.”

ஆக, பாயின் குழாய், ஆம்ப்ளிபையர், பேட்டரி எல்லாம் ஏரிக்கரையிலேயே குடியேறின. பாயும் பகலெல்லாம் அங்கேயே இருந்தார். அவர் வீட்டு முற்றத்தில் ‘மைக் டெஸ்டிங்’ நின்றுபோயிற்று. அந்த வட்டாரத்திலேயே சத்தமில்லாத ஒரே இடம் மைக் செட்காரர் வீடுதான் என்று ஆகிவிட்டது.

மனிதர்கள் இதைக் கவனிக்கவில்லை. பறவைகள் கவனித்தன.

பாயின் மனைவி ஷம்ஷாத் ஒருநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் இருந்த மூன்று புளியமரமும் வெள்ளை வெளேரென்று நாரையும் கொக்குமாக நிறைந்திருந்தன.

“இன்னாங்க, இங்க வந்து பாருங்க! ஏரி நம்ம ஊட்டுக்கு வந்துகீது!”

பாய் வந்து பார்த்தார். ஒரு நாரை வாயில் சுள்ளியோடு இறங்கி, அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. ஏரிக்கரையில் தன் குழாய்க்குப் பயந்து எழும்பிப் போனவை, தன்னையே நம்பி வந்திருக்கின்றனவே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஆடை காயப்போடுகிற கொடியை மட்டும் இடம் மாற்றிக் கட்டினார். அதோடு அந்த விஷயம் தீர்ந்துவிட்டதென்று நினைத்தார்.

ஏரி காலியானது தெரிந்ததும் கோட்டத்தில் துக்கம் கொண்டாடுவார்கள் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு அரசாங்கத்தைத் தெரியாது. குணசேகரன் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“திருவேங்கடம், நம்ம கோட்டத்தின் பேர் என்ன?”

“நீர்ப்பறவைப் பரவல் மற்றும்...”

“போதும். பரவிடுச்சில்ல?”

பறவைகளைப் பரவவைத்த சாதனைக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. பாராட்டோடு குணசேகரன் தாவூத் பாய் வீட்டுக்கு வந்தார். புளியமரத்தடியில் நின்று, சுற்றிலும் ஒரு பர்லாங் தூரத்துக்குக் கயிறு பிடித்து, அதற்குள் எந்தச் சத்தமும் கூடாது, இது அமைதி வட்டாரம் என்று அறிவித்தார். பறவைகள் எங்கே கூடு கட்டுகின்றனவோ அங்கேயெல்லாம் இந்த விதி தானாக அமலுக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். இந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

வாசலில் விசிலோடு அப்பாவு உட்கார்ந்தார். ஷம்ஷாத் அம்மியில் மசாலா அரைத்தால் விசில். ஆடு கத்தினால் விசில். துலுக்கானம் வாசலில் நின்று “பாய்” என்று கூப்பிட்டால் விசில். பாய்க்குப் பனிக்கால இருமல் உண்டு. இருமல் வரும்போதெல்லாம் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு பர்லாங் தாண்டி ஓடிப்போய் இருமிவிட்டு வருவார். ஒவ்வொரு விசிலுக்கும் மரத்திலிருந்த பறவைகள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தன. ‘வீட்டார் செய்த சத்தத்தால் பறவைகள் கலைந்தன’ என்று அப்பாவு மேலே சொல்லி அனுப்பினார். விசிலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை; அது அரசாங்கச் சத்தம்.

இதற்கு நடுவில்தான் ராபியாவின் கல்யாணம் வந்தது.

ராபியா பாய்க்கு ஒரே மகள். ஆவடியில் நல்ல இடம். பையன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பக்ரீத் கழிந்து, மொஹரம் பிறப்பதற்குள் நிக்காஹ் என்று பேசி முடித்தாயிற்று. மொஹரத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள்; அதை விட்டால் அடுத்த சபர் மாசமும் கழிய வேண்டும். அவ்வளவு நாள் பையன் வீட்டார் காத்திருக்கத் தயாராக இல்லை. மகள் கல்யாணத்தைத் தன் வீட்டு வாசலில், தன் குழாயைக் கட்டி, தெருவே அதிரப் பாட்டுப் போட்டு நடத்த வேண்டும் என்பது அவள் பிறந்த நாளிலிருந்து பாய் மனசில் போட்டு வைத்திருந்த திட்டம். ஊரில் எல்லார் வீட்டுப் பெண்ணுக்கும் அவர்தான் பாட்டுப் போட்டார். எல்லாரும் அவர் மகள் கல்யாணத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள்.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அரிசி மண்டி மாடியேறிப் போனார்.

“ஒரே ஒரு நாள் சார். பொண்ணு கல்யாணம்.”

குணசேகரன் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு மைக் இல்லாமலும் பேச வரும்.

“பாய், உன் மரத்தில் எத்தனை கல்யாணம் நடக்குது தெரியுமா? எத்தனை குடும்பம்? அதுங்க குழாய் கட்டிச்சா? பந்தல் போட்டுச்சா? பிரியாணி ஆக்கிச்சா? ஒரு கொக்குக்கு இருக்கிற அடக்கம் குடிமகனுக்கு இருக்க வேண்டாமா? நான் என் சொந்த வேலைக்காகவா இங்கே உட்கார்ந்திருக்கேன்? எனக்குப் பறவை என்றால் என்னன்னே தெரியாது. போன வருஷம் வரைக்கும் நான் எடை-அளவு முத்திரைத் துறையில் இருந்தேன். ஆனாலும் எனக்குக் கொடுத்த பறவையை நான் பாதுகாக்கிறேனா இல்லையா?”

“பாதுகாக்கிறீங்க சார்.”

“வேற எங்கேயாவது மண்டபத்தில் வை.”

“மண்டபமா... என் ஊட்டுப் பொண்ணு சார். என் ஊட்டு வாசல்ல இருந்துதானே போவணும்? மைக் செட்காரன் பொண்ணு ஊமைக் கல்யாணம் பண்ணிக்கினு போனான்னு ஆவடியில சொல்லமாட்டாங்களா?”

“விதி விதிதான். அமைதி வட்டாரத்துக்குள் ஒலிபெருக்கி வைக்கணும்னா, அது கோட்டம் நடத்துகிற விழாவாக இருக்கணும். கோட்டத்தின் சத்தம் பறவையின் நன்மைக்கானது.”

பாய் படியிறங்கி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். துலுக்கானம் ஷிப்டு முடிந்து அங்கே வந்தான். பாய் நடந்ததையெல்லாம் சொன்னார்.

“ஊரு பொண்ணுக்கெல்லாம் கொட்டுமேளம் போட்டேன். எம் பொண்ணுக்கு நான் வாயைப் பொத்திக்கினு நிக்கணுமாடா?”

துலுக்கானம் டீயை ஆற்றினான். “பாய், அந்தாளு கடைசியா இன்னா சொன்னான்? மறுக்கா சொல்லு.”

“கோட்டம் நடத்துற விழான்னா குழாய் கட்டலாமாம்.”

“அப்ப நடத்தச் சொல்லு.”

“இன்னாத்தை?”

“விழாவை. ஏரிக்கு ஒண்ணு எடுத்தான்ல? புளியமரத்துக்கு ஒண்ணு எடுக்கச் சொல்லு. எப்பன்னு மட்டும் நீ சொல்லு.”

இருவரும் மறுபடி மாடியேறினார்கள். ஏரிக்கு அவ்வளவு பெரிய விழா எடுத்த அய்யா, பறவை இப்போது இருக்கிற இடத்துக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால் ஊர் என்ன நினைக்கும் என்று துலுக்கானம் கேட்டான். ஜனம் திரளும், சாப்பாடும் பந்தலும் ஊர்ப் பொறுப்பு என்று பாய் சொன்னார். குணசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த உணர்வைத்தான் நான் மக்களிடம் எதிர்பார்த்தேன்” என்றார். இயக்குநர் வருவார், குழாய் இந்தத் தடவை பன்னிரண்டாக இருக்கட்டும் என்றார். தேதியைப் பாய் சொன்னார்.

அப்படியாக ராபியாவின் நிக்காஹ் அரசு விழாவாக நடந்தது.

விடிந்ததும் பாய் முற்றத்தில் ஆம்ப்ளிபையரை வைத்து, “அலோ, மைக் டெஸ்டிங்” என்றார். எத்தனையோ நாளுக்கப்புறம் தன் வீட்டில் தன் குரலைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கியது. பன்னிரண்டு குழாயிலும் பாட்டு கிளம்பியது. அடுத்த நொடி மூன்று புளியமரமும் காலி. பறவைகள் ஆவடிப் பக்கமாகப் போயின. பாதியில் நின்ற கூடுகளை ஷம்ஷாத் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாவம்ங்க. நம்ம ஊடு தேடி வந்துதுங்க,” என்றாள்.

பாய்க்கும் அது குத்தியது. ஆனால் உள்ளே மகள் மணப்பெண்ணாக உட்கார்ந்திருக்கிறாள். எதை நினைத்து அழுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இயக்குநர் கார் வந்து நின்றது. பந்தலும், பூக்கட்டும், தேக்சாவில் கொதிக்கிற பிரியாணியும், ஆவடியிலிருந்து லாரியில் வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டாரும் எல்லாம் பறவைகள் மேல் மக்களுக்கிருந்த பாசம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஹஜ்ரத் வந்து நிக்காஹ் ஓதி முடித்ததும், மரியாதையாக எழுந்து நின்றார். பிறகு அதே மைக்கில், காலி மரங்களைப் பார்த்துப் பேசினார்.

“இங்கே ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை. இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? கண்ணில் படாததை யாரும் சுட முடியாது, பிடிக்க முடியாது, தின்ன முடியாது. பறவைப் பாதுகாப்பின் உச்ச நிலையைக் குணசேகரன் எட்டிவிட்டார்!”

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்த இளைஞன்தான் பறவைத் தொண்டன் என்று நினைத்து மாப்பிள்ளைக்குச் சால்வை போர்த்தினார். கல்யாணத்துக்குச் சர்க்கார் ஆளே வந்து சால்வை போட்ட வீடு என்று ஆவடிக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். ராபியா வாசலிலிருந்து வண்டியேறுகிற வரைக்கும் பன்னிரண்டு குழாயும் ஓயவில்லை.

இனி, அந்தப் பறவைகள் எங்கே போயின என்பதைச் சொல்ல வேண்டும். ஆவடியில் கோட்ட அலுவலருக்கென்று எடுத்த வாடகை பங்களா ஒன்று இருந்தது. காம்பவுண்டில் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். குணசேகரன் காலையில் போனால் இரவுதான் வருவார். அவர் பேசாத ஒரே இடம் அவர் வீடு. பறவைகள் அங்கே இறங்கின.

மறுநாளிலிருந்து அவருடைய மனைவி மொட்டைமாடியில் வடாம் காயவைக்க முடியவில்லை. கார் வெள்ளையாயிற்று. மீன் நாற்றத்தில் சாப்பாடு இறங்கவில்லை. திருவேங்கடம் கடமை தவறாதவர். மேலதிகாரி என்றும் பாராமல் கயிறு பிடித்து ஒரு பர்லாங் அளந்து, அப்பாவுவை விசிலோடு வாசலில் உட்காரவைத்தார். விதி தானாக அமலுக்கு வந்துவிட்டதல்லவா. உள்ளே குக்கர் சத்தம் கேட்டால் வெளியே விசில். அன்றைக்கே குணசேகரன் விசிலைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார். விதியை எறிய முடியவில்லை. அதில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஒரு வாரம் பொறுத்தவர், ஒரு விடியற்காலையில் தாவூத் பாய் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையில் எச்சத்துக்குப் பயந்து போட்ட தொப்பி.

“பாய், ரெண்டே ரெண்டு குழாய். ஒரு அரைமணி நேரம். ஏதாவது பாட்டு.”

“பறவை கீற எடத்துல ஒரு பர்லாங்குக்குச் சத்தம் கூடாது சார். நீங்கதானே சொன்னீங்க.”

“இது கோட்டத்தின் விழான்னு வச்சுக்கய்யா. எதையாவது திறந்து வைக்கிறேன்.”

“இன்னாத்தைத் தெறப்பீங்க?”

குணசேகரன் யோசித்தார். “கேட்டைத் திறந்து வைக்கிறேன்.”

“டைரக்டர் சார் வருவாரா?”

அவர் வரமாட்டார். தன் வீட்டில் பறவை கூடு கட்டியிருக்கிறது, வந்து விரட்டிக்கொடுங்கள் என்று எந்தக் கோட்ட அலுவலர் இயக்குநரைக் கூப்பிட முடியும்?

“குழாயெல்லாம் வாடகைக்குப் போயிட்ச்சு சார்,” என்றார் பாய். பன்னிரண்டு குழாயும் முற்றத்தில் வரிசையாகக் கிடந்தன. ஒன்றுக்குள் கோழி படுத்திருந்தது. குணசேகரன் குழாயைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். உள்ளே ஷம்ஷாத் அம்மியில் மிளகாயை வைத்து, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அரைக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு பங்குனி முடிகிற வரைக்கும் கோட்ட அலுவலர் தன் வீட்டில் வாய் திறக்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார். மனைவியோடு சைகையில் சண்டை போட்டார். மேலே தூங்குமூஞ்சி மரங்களில் நாரைகள் நிம்மதியாக முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பறக்கக் கற்றுக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு போயின. அந்தக் கோட்டம் இருந்த காலம் முழுவதிலும் அதன் கண்ணெதிரே பொரிந்த குஞ்சுகள் அவை மட்டும்தான். அந்தக் காலாண்டுக்கான அறிக்கையில், ‘விழா எதுவும் நடைபெறவில்லை, எனவே பறவைப் பாதுகாப்பில் முன்னேற்றம் இல்லை’ என்று எழுதப்பட்டு, குணசேகரனுக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

அடுத்த ஐப்பசியில் ஏரி மறுபடி நிரம்பியது. கோட்டம் விளக்கம் எழுதுவதில் மும்முரமாக இருந்ததால், யாரும் ஏரிப்பக்கம் வரவில்லை. பறவைகள் வந்துவிட்டன. வெட்டாமல் விட்ட கருவேல மரங்களில் கூடுகள் கட்ட ஆரம்பித்தன. விஷயம் தெரிந்ததும் குணசேகரன் பாய்க்கு ஆள் அனுப்பினார். விட்ட பேரைப் பிடிக்க வேண்டும், வரவேற்பு விழா, இயக்குநரோடு அவருக்கும் மேலே உள்ளவர்கள் எல்லாம் வருகிறார்கள், பதினெட்டுக் குழாய்.

பாய் வீட்டில் அப்போது ராபியா தலைப்பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று நான்கைந்து நாள் ஆகியிருந்தது. ஆண்பிள்ளை. தொண்டை அப்படியே தாத்தாவுடையது.

“ஏரியில குழாய் போட்டா அதுங்க மறுக்கா நம்ம புளியமரத்துக்குத்தான் வரும்,” என்றாள் ஷம்ஷாத். “வந்தா அந்த விசில்காரன் வருவான். பச்சைப்புள்ள அழுவுறதுக்கு எந்த ஆபீஸ்ல போயி பர்மிஷன் கேப்பீங்க?”

பாய் தூளியைப் பார்த்தார். பேரன் கையைக் காலை உதைத்துக்கொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

விழா நாளன்று துலுக்கானம் பனைமரத்தில் ஏறி, மேலேயிருந்து குரல் கொடுத்தான். “பாய், எந்தப் பக்கம் திருப்பட்டும்?”

“விழா யாருக்குடா?”

“பறவைக்கு.”

“விழா எடுக்கிறது யாரு?”

துலுக்கானம் சிரித்துவிட்டான். பதினெட்டுக் குழாயையும் மேடையைப் பார்த்துக் கட்டினான்.

நாற்காலிகள் நிறைந்தன. குணசேகரன் மைக்கைப் பிடித்து, “விருந்தினர்களே!” என்றார். பாய் ஆம்ப்ளிபையரின் திருகை மெதுவாக, கடைசிவரைக்கும் திருகினார். பதினெட்டுக் குழாயும் சேர்ந்து ஊளையிட்ட ஊளையில் மேடையின் முன்வரிசை முழுவதும் ஒரே மூச்சில் எழும்பியது. இயக்குநர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். மாலையும் கையுமாக ஒருவர் கரைச்சரிவில் உருண்டார். மிச்சப் பேர் காரைப் பார்த்துப் பறந்தார்கள். ஏரிக்குள் சில நாரைகள் இறக்கையை விரித்து எழும்பின. தங்களைச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டன. பறக்கும்போது எண்ணியே பழகிவிட்ட திருவேங்கடம், காதில் பஞ்சோடு நின்று, பென்சிலை எடுத்து ஓடுகிறவர்களை எண்ண ஆரம்பித்தார்.

“வான் அணிவகுப்பு மரியாதை சார்,” என்றார் பாய், யாரையும் பார்க்காமல்.

கோட்டம் அந்த மாதமே வேறொரு ஏரிக்கு மாற்றப்பட்டது. மேட்டுத்தாங்கலில் பறவைகள் ஒத்துழைத்தாலும் ஒலிபெருக்கி ஒத்துழைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அது எந்த ஏரி என்று எனக்குத் தெரியும். சொன்னால் அங்கேயும் ஒரு விழா எடுத்துவிடுவார்கள். அங்கேயும் ஒரு மைக் செட்காரர் இருப்பார் என்று நம்புகிறேன்.

அன்றைக்குக் கரை காலியானதும், பாய் குழாய்களை அவிழ்த்து வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தார். புளியமரங்கள் பச்சையாக நின்றன. ஒரு பர்லாங் தூரத்திலேயே பேரன் அழுகிற சத்தம் கேட்டது. அவர் நின்று, அது முடிகிற வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.